‘அவுட்’ தெரியும், வாக்கியம் வராது: தரம் 9, 10 பிள்ளைகளுக்கு விளையாட்டும் நாடகமும் வழியாக ஆங்கிலம்

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குப் பின்நேர ஆங்கில வகுப்பு. 32 பேர், கிழமைக்கு ரெண்டு நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிஷம். நீளமான மண்டபம், நடுவில் சுவர் இல்லை. பக்கத்திலேயே இன்னொரு வகுப்பு நடக்கும். கையில் இருப்பது வெண்கட்டி, கொஞ்சம் பிரிஸ்டல் போர்ட் அட்டை, ரெண்டு டென்னிஸ் பந்து.

கிரிக்கெட் சொல் கேட்டால் பிள்ளைகள் கொட்டித் தள்ளுறாங்க: விக்கெட், நோ போல், கேட்ச், ரன் அவுட். ‘அவன் கேட்சை விட்டுட்டான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல் என்றால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளுது. விளையாட்டு வைத்தால் சந்தோஷமா விளையாடுறாங்க, ஆனா முழுக்கத் தமிழிலேயே முடிஞ்சிடுது. எங்கே பிழைக்குது? படிப்படியா சொல்லித் தாங்க.

வெண்கட்டி எழுதியது:

விளையாட்டை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: ஆங்கிலம் ஒரு சொல்கூடப் பேசாமல் இதை விளையாடி முடிக்க முடியுமா? முடியும் என்றால் பிள்ளை தமிழில்தான் விளையாடும். அதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. வாக்கியம் வந்தால்தான் பந்து நகரும் என்று விதியை அமைக்கணும்.

‘சொன்னால்தான் அசைவு’ என்று ஒன்றைச் செய்து பாருங்க. மூன்று பேர் ஒரு குழு: பந்து வீச ஒருவர், அடிக்க ஒருவர், வர்ணனைக்கு ஒருவர். பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். வர்ணனையாளர் ‘ஷீ ரன்ஸ் இன்’ என்று சொன்ன பிறகுதான் வீசுபவர் காலைத் தூக்கலாம். ‘ஷீ போல்ஸ்’ என்றால் கை சுழலும். ‘ஹீ ஹிட்ஸ் இட் ஓவர் த போலர்ஸ் ஹெட்’ என்றால் மட்டை சுழலும். வர்ணனை நின்றால் இருவரும் சிலை. ஆறு பந்து ஒரு ஓவர். ரெண்டு பந்துக்கு ஒருமுறை இடம் மாறினால் மூன்று பேரும் வர்ணனைக்கு வந்துவிடுவாங்க.

முதல் நாள் நாலு வினை போதும்: ரன் இன், போல், ஹிட், மிஸ். ரெண்டாம் நாள் திசைச் சொற்கள்: ஓவர், த்ரூ, பாஸ்ட், பிஹைண்ட், பிட்வீன். திசைச் சொல் சேர்ந்தவுடன் அடிக்கிறவருக்கு எந்தப் பக்கம் திரும்பணும் என்று தெரியணுமே, அதனால் காது கூர்மையாகிடும்.

வழக்கமாகக் கெடுகிற இடங்கள் மூன்று. ஒன்று, வர்ணனையாளர் ‘ஹிட்!’ என்று ஒற்றைச் சொல்லைக் கத்துவார், மற்றவர் பழக்கத்தில் அடித்துவிடுவார். எழுவாய் இல்லாமல் அசைந்தால் அந்தப் பந்து செல்லாது என்று வையுங்க. ரெண்டு, நடிப்பவர் முந்திப் போவார், வர்ணனை பின்னால் துரத்தும். எல்லாரும் முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பதுபோல் மெதுவாகத்தான் அசையலாம் என்று சொன்னால் இது சரியாகும். மூன்றாவதுதான் முக்கியம்: ‘ஹீ ஹிட்’ என்று முடிவில் உள்ள ‘ஸ்’ விழுந்துவிடும். அப்போது அடிக்கிறவர் மட்டையைப் பாதிவரை கொண்டுவந்து நிற்கணும். ‘ஹிட்ஸ்’ என்று ‘ஸ்’ வந்ததும் மீதிப் பாதி. போர்டில் பத்துத் தடவை எழுதிக் கொடுப்பதைவிட, பாதியில் நிற்கும் அந்தக் கை ‘ஸ்’ஸை நினைவில் வைக்கும்.

ஹப்புத்தளைக்_காற்று எழுதியது:

வெண்கட்டி சொன்ன விளையாட்டை அப்படியே காலங்கள் கற்பிக்கவும் நீட்டலாம். ஒரே ஒரு பந்தைச் சுற்றி நான்கு காலங்கள் இயல்பாக வருகின்றன.

பந்து போடும் கணத்தில் வர்ணனை சாதாரண நிகழ்காலம்: ‘ஷீ போல்ஸ், ஹீ ஹிட்ஸ்’. பந்துக்கும் பந்துக்கும் இடையில், நீண்டுகொண்டிருக்கும் நிலைக்குத் தொடர் நிகழ்காலம்: ‘த மிஸ்ட் இஸ் கமிங் டவுன்’, ‘த கேப்டன் இஸ் டோக்கிங் டு த போலர்’. பிடி எடுத்தவுடன் விளைவைச் சொல்ல: ‘ஷீ ஹேஸ் டேக்கன் த கேட்ச்’. ஆட்டம் முடிந்து வீட்டில் சொல்லும்போது இறந்தகாலம்: ‘ஷீ டுக் த கேட்ச்’.

தமிழில் ‘அடிக்கிறான்’ என்ற ஒரு வடிவமே முதல் இரண்டுக்கும் போதும். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘ஹீ இஸ் ஹிட்டிங்’, ‘ஹீ ஹிட்ஸ்’ இரண்டையும் கலந்து போடுகிறார்கள். இலக்கண விளக்கம் கொடுப்பதை விட்டுவிட்டு, இரண்டு வர்ணனையாளர்களை வையுங்கள். ஒருவர் பந்து நகரும்போது மட்டும் பேசுவார், மற்றவர் பந்து நிற்கும்போது மட்டும். முதலாமவருக்குச் சாதாரண வடிவம், இரண்டாமவருக்குத் தொடர் வடிவம். பத்து நிமிடத்துக்குப் பின் இருவரும் இடம் மாறவேண்டும். மாறும் நேரத்தில் முதல் இரண்டு மூன்று வாக்கியங்கள் நிச்சயம் தடுமாறும். குறுக்கே போய்த் திருத்தாதீர்கள், நான்காவதில் தானாக வந்துவிடும்.

மூன்றாம்_நம்பர்_மலை எழுதியது:

நல்ல யோசனைதான். ஆனா ரெண்டு விஷயம் யாரும் பேசல. ஒன்னு, 32 பேர் ஒரே நேரத்துல வர்ணனை சொன்னா பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன செய்வாங்க? ரெண்டு, எல்லாமே கிரிக்கெட். வகுப்புல பாதிப் பேர் பொம்பளப் புள்ளைங்க. அதுல கிரிக்கெட் பாக்காத புள்ள எத்தன! ‘சில்லி மிட் ஓன்’ மாதிரி ஆள் நிக்கிற இடப் பேரெல்லாம் கொண்டுவந்தா அந்தப் புள்ளைங்களுக்கு விளையாட்டும் புரியாது, இங்கிலீசும் புரியாது. ரெட்டச் சுமை.

வலைப்பந்துதான் (நெட்போல்) இதுக்கு ரொம்பத் தோதான ஆட்டம். ஏழு பேர், ஏழு பேருக்கும் ஏழு இடம், யார் எங்க போகலாம்னு கட்டு இருக்கு. கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ரெண்டு பேர் மட்டும்தான் வளையத்துக்குப் பந்து போடலாம். சென்டர் ரெண்டு கோல் வட்டத்தைத் தவிர எல்லா இடமும் போகலாம். பந்தைக் கையில 3 செகண்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. ‘கேன்’, ‘கான்ட்’, ‘மஸ்ட்’, ‘இஸ் நொட் அலவ்ட் டு’ எல்லாம் இதுலயே இருக்கு.

தரையில வெண்கட்டியால சின்ன கோர்ட் போடுங்க, 3 மீட்டர் நீளம் போதும். ஏழு இடத்தோட பேரட்டையும் தலைகீழா ஒரு பெட்டியில. ஒரு அட்டை எடுத்தவங்க அதைத் தான் பாக்காம மத்தவங்களுக்கு மட்டும் காட்டி, ‘கேன் ஐ கோ இன் ஹியர்?’னு ஒவ்வொரு பகுதியிலயும் கேக்கணும். மத்தவங்க ‘யெஸ், யு கேன்’, ‘நோ, யு கான்ட்’னு மட்டும் சொல்லணும். மூணு பதிலுக்குள்ள தான் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். இங்க தமிழுக்கு வேலையே இல்ல.

கரப்பந்தையும் (வொலிபோல்) விடாதீங்க, அதுதான் நம்ம இலங்கையோட தேசிய விளையாட்டு, 1991ல அறிவிச்சாங்க. ‘சேர்வ்’, ‘பாஸ்’, ‘செட்’, ‘ஸ்பைக்’, ‘பிளொக்’. தோட்டத்துல கோயில் மைதானம், லயத்து முற்றம்னு வலை கட்ட ஏதாவது ஒரு இடம் இருக்கும், அதனால ஆண் பெண் ரெண்டு பக்கமும் பழகின ஆட்டம்.

வெண்கட்டி எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றது முழுக்க நியாயம். வலைப்பந்து அட்டை விளையாட்டை எழுதி வைத்துக்கொண்டேன்.

சத்தத்துக்கு: குழுவுக்கு ஒருத்தர்தான் ஒரு நேரத்தில் பேசுறார், ஆக பத்துக் குரல். அந்தப் பத்தையும் ‘கோயிலுக்குள் பேசுகிற குரலில்’ பேச வைக்கலாம். நடிப்பவர் கேட்டால் போதும், மண்டபம் கேட்க வேண்டியதில்லை. குரல் உயர்ந்தால் அந்தக் குழு ஒரு பந்தை இழக்கும். இந்தத் தண்டனை ரெண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது.

டிக்கோயா_மழை எழுதியது:

மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் மஸ்கெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது காதில் எதுவும் விழாது. அப்போது வாய் விளையாட்டை நிறுத்தி, கை விளையாட்டுக்குப் போங்கள். அம்பயர் சைகையைப் பிழை திருத்தப் பயன்படுத்தலாம். மழை இல்லாத நாளிலும் இது நல்லது. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய் ‘பிழை’ என்று சொல்லாமலே காட்டிவிடலாம்.

மூன்று சைகை மட்டும். ஒரு கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டினால் நோ போல்: எழுவாய் அல்லது வினை இல்லை, வாக்கியமே தொடங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினால் வைட்: காலம் விலகிப் போய்விட்டது. தோளை விரல் நுனியால் தட்டினால் ஷோர்ட் ரன்: துடுப்பு கோட்டைத் தாண்டித் தரையைத் தொடவில்லை, அதாவது சொல்லின் கடைசி ‘ஸ்’ அல்லது ‘எட்’ விழுந்துவிட்டது. இதற்கு மேல் சைகை வைத்தால் பிள்ளைகள் சைகையை யோசிப்பார்கள், வாக்கியத்தை யோசிக்க மாட்டார்கள்.

நோ போலுக்கு அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். தலைக்கு மேல் கையைச் சுழற்றிக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைக்கு அதே வாக்கியத்தை மறுபடி சொல்ல ஒரு வாய்ப்பு, அவுட் கிடையாது. பதின்மூன்று பதினான்கு வயதில் பிழையைவிட, பிழை விட்டதை நாலு பேர் பார்த்தார்கள் என்பதுதான் வலிக்கும். ஃப்ரீ ஹிட் என்றால் வெட்கம் குறைகிறது. அது ஆட்டத்தின் விதியாகிவிடுகிறது.

அம்பயராக ஆசிரியர் நிற்க வேண்டாம், பிள்ளை நிற்கட்டும். யார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிறையப் பேசாத பிள்ளையை நிறுத்துங்கள். வாய் திறக்காமலே எல்லா வாக்கியத்தையும் கவனித்துக் கேட்க வேண்டிய பொறுப்பு அது.

கொழுந்துக்கூடை எழுதியது:

ஷோர்ட் ரன் சைகை மனசில் ஒட்டிக்கொண்டது, ரொம்ப நன்றி சேர். இன்னொரு சிக்கல்: உச்சரிப்பு. ‘பெட்டு’, ‘கேட்சு’, ‘இஸ்டம்ப்’ என்றுதான் வருது. அதோடு ‘ஒய் யு ட்ரொப்ட் த கேட்ச்?’, ‘வீ வன் தெம்’, ‘ஹீ அவுட்டட்’. இதுக்கெல்லாம் விளையாட்டில் வழி இருக்கா?

ஹப்புத்தளைக்_காற்று எழுதியது:

ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காரணம் இருப்பதால் ஒரே மருந்து கிடையாது.

‘கேட்சு’ என்று கடைசியில் உகரம் சேர்வது தமிழ் வாய்க்கு இயல்பு. நம் சொற்கள் வல்லினத்தில் முடிவதில்லை. அந்த உகரத்தை வெட்டச் சொன்னால் பிள்ளை வெட்டாது. அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டச் சொல்லுங்கள்: ‘கேட்ச் இட்’ என்பதை ‘கேட்சிட்’, ‘ஹிட் இட் அவுட்’ என்பதை ‘ஹிட்டிட்டவுட்’ என்று ஒரே சொல்லாக. உயிரும் மெய்யும் புணர்வது நமக்குப் பழகிய விஷயம், அதனால் உடனே வரும். அதன்பின் ‘கேட்ச்’ தனியாகவும் சுத்தமாக வரும். ‘இஸ்டம்ப்’புக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்புபோல் நீட்டி, பிறகு ‘டம்ப்’.

நாம் தமிழில் எழுதும்போது பந்துக்கும் ‘போல்’, பந்து வீசுவதற்கும் ‘போல்’. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு ஒலி. பந்துக்கு வாய் ஒரே நிலையில் வட்டமாக நிற்கும். வீசுவதற்கு ‘ஓ’வில் தொடங்கி உதடு ‘உ’வை நோக்கிக் குவியும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் சொல்ல மற்றவர் சொல்லுக்கேற்ப பந்தைக் காட்டவேண்டும் அல்லது கையைச் சுழற்றவேண்டும். பிழையாகச் சொன்னால் பிழையான செய்கை கிடைக்கும். ‘விக்கெட்’டும் அப்படித்தான்: மேற்பல் கீழுதட்டைத் தொடக்கூடாது, ‘ஊ’ என்று உதட்டைக் குவித்துத் திறக்கவேண்டும், ‘ஊஇக்கெட்’ என்பதுபோல. ‘வொலிபோல்’ சொல்லும்போது பல் தொடவேண்டும். இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லவைத்தால் வித்தியாசம் உதட்டிலேயே தெரியும்.

‘வீ வன் தெம்’ வருவதற்குக் காரணம் நம் ‘வெல்’. போட்டியையும் வெல்லலாம், எதிரணியையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் போட்டியை, கிண்ணத்தை ‘வின்’ செய்வார்கள். ஆளை, அணியை ‘பீட்’ செய்வார்கள். சுவரின் ஒரு பக்கம் கிண்ணப் படம், மறுபக்கம் ஆட்களின் படம். ‘வின்’ என்று கூப்பிட்டால் கிண்ணத்துக்கு, ‘பீட்’ என்றால் ஆட்களிடம் ஓடிப்போய் வாக்கியத்தைச் சொல்லட்டும். தோற்றால் ‘வீ லொஸ்ட் டு தெம்’, ‘வீ லொஸ்ட் பை 12 ரன்ஸ்’. இந்த ‘டு’, ‘பை’ இரண்டையும் பிரித்துக் கற்பிக்காதீர்கள், முழுத் தொடராகக் கொடுங்கள்.

ஆட்டமிழந்தான் என்ற பொருளில் ‘அவுட்டட்’ என்று வினை கிடையாது. ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு விக்கெட்டும் ஒரு செயப்பாட்டு வாக்கியம்: ‘ஹீ வொஸ் போல்ட்’, ‘ஷீ வொஸ் ரன் அவுட்’, ‘ஹீ வொஸ் கோட் அட் ஸ்லிப்’. ஒரு இன்னிங்ஸில் அதிகபட்சம் பத்து விக்கெட், பத்து வாக்கியம். பாடப் புத்தகத்தில் செயப்பாட்டு வினைக்கு வரும் உதாரணங்களைவிட இது உயிருள்ளது.

வெண்கட்டி எழுதியது:

‘ஒய் யு ட்ரொப்ட்’ பிழைக்கு ஆட்களையே சொல்லாக நிற்க வையுங்க.

பிரிஸ்டல் போர்ட் அட்டை ஆறு: ‘யு’, ‘ட்ரொப்’, ‘எட்’, ‘த கேட்ச்’, ‘டிட்’, ‘ஒய்’. ‘ட்ரொப்’ பிடித்தவர் தோளில் ‘எட்’ பிடித்தவர் கை வைத்து நிற்கணும். ‘ட்ரொப்’ அட்டையில் கடைசி எழுத்து இரட்டிப்பதற்கும் இடம் விடுங்க. வரிசை: யு, ட்ரொப், எட், த கேட்ச். இது செய்தி. இப்போ ‘டிட்’ பிடித்த பிள்ளை வெளியிலிருந்து வந்து ‘யு’வுக்கு முன்னால் நிற்குது. வரும் வழியில் ‘எட்’டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தனக்குப் பின்னால் மறைத்துவிடுது. அவ்வளவுதான் கேள்வி. கடைசியில் ‘ஒய்’ வந்து வரிசையின் முன்னால் நிற்கும்.

பிறகு வினைச்சொல்லை மாற்றுங்க. ‘மிஸ்’, ‘பாஸ்’ எளிது. ‘டேக்’ வந்ததும் குழப்பம்: ‘டுக்’ அட்டையில் ‘எட்’டே இல்லையே, ‘டிட்’ எதை இழுத்துப் போகும்? அங்கே கொஞ்சம் நிறுத்தி பிள்ளைகளையே தீர்க்க விடுங்க. ‘டுக்’ பிடித்தவர் அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் ‘டேக்’. ‘டிட்’ தோளைத் தொட்டதும் அட்டையைத் திருப்பணும். ‘டிட் டுக்’ என்று எழுதுகிற பழக்கம் இதில் குறையும். எழுதும்போது பிள்ளை கையை லேசாகத் திருப்பிப் பார்க்கும், அதைத் தடுக்காதீங்க.

இதுக்குப் பொருத்தமான நாடகம், ஆட்டம் முடிந்த பின் பேட்டி. ஒரு அறிவிப்பாளர், மூன்று வீரர்கள். கேள்வி எல்லாம் ‘டிட்’டில்: ‘வட் டிட் யு திங்க் வென் த ரெயின் ஸ்டார்ட்டட்?’

தப்பு_மேளம் எழுதியது:

நாடகம் என்றவுடன் ஆங்கில தினப் போட்டிக்குத் தயார் பண்ணுகிற முறைதான் பலருக்கு நினைவு வரும். நல்லாப் பேசுகிற ஒரு பிள்ளைக்கு ஐம்பது வசனம், மற்றவர்கள் மரமாகவும் காவலாளியாகவும் நிற்பார்கள். அப்படி நிற்கிற பிள்ளை என்ன படிக்கும்?

நம்மிடமே ஒரு வடிவம் இருக்கு. தோட்டங்களில் ஆடும் ரதி, மன்மதன் கதையான காமன் கூத்தில் பாத்திரம் களத்துக்கு வரும்போது தான் யார், எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று அறிவிக்கும்; பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுவார்கள்; தப்பு மேளத்தின் அடி போகும். அந்த வடிவத்தை மட்டும் எடுங்கள். வரவு, அதாவது களத்துக்கு வந்து தன்னை அறிவிப்பது, மூன்றே வாக்கியம்: ‘ஐ ஆம் த கோல்கீப்பர்’, ‘ஐ கம் ஃப்ரொம் த அப்பர் டிவிஷன்’, ‘ஐ கேம் டு வின் த மேட்ச் டுடே’. ஒவ்வொன்றும் சொன்னவுடன் வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லும். வெட்கப்படுகிற பிள்ளைக்குப் பின்பாட்டில் மறைந்து பேச இடம் கிடைக்கும், மூன்றாம் கிழமை தானாக வரவுக்கு வரும்.

தாளம் ஆங்கிலத்துக்கு இன்னொரு உதவி செய்யும். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சமமான நேரம். ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லில் அடி விழும், நடுவில் உள்ள குட்டிச் சொற்கள் நசுங்கும். ‘ஐ கேம் டு வின் த மேட்ச் டுடே’: அடி விழுவது ‘கேம்’, ‘வின்’, ‘மேட்ச்’, ‘டுடே’யின் ‘டே’. நாலு அடி. ‘டு’, ‘த’ இரண்டும் அடிக்கும் அடிக்கும் இடையில் ஓடிப்போகணும். மேசையில் விரலால் தட்டினாலே போதும், தப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மூன்றாம்_நம்பர்_மலை எழுதியது:

வடிவம் எடுக்கிறது சரிங்க. ஆனா காமன் கூத்து வெறும் நாடகம் இல்ல. மாசியில கம்பம் ஊன்றி, விரதம் இருந்து, நேர்த்தி வச்சு ஆடுறது. ரதியையும் மன்மதனையும் வகுப்புல இங்கிலீசுல பேச வச்சா, பெரியவங்க மனசு நோகும்.

தப்பு_மேளம் எழுதியது:

நீங்கள் சொல்வதோடு நானும் ஒத்துப்போகிறேன் அண்ணே. அதனால்தான் பாத்திரங்களையும் கதையையும் விட்டுவிட்டேன். வரவும் பின்பாட்டும் மட்டும், அதுவும் விளையாட்டு வீரர்களுக்கு. தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் முதலில் ஒரு சொல் கேட்டுவிடுவது மரியாதை. அவரே வந்து தாளம் தட்டிக் காட்டினால் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய பாடம்.

நாடகத்துக்குக் களம்: கடைசிப் பந்து, ரெண்டு ஓட்டம் தேவை, ரன் அவுட்டா இல்லையா என்று சந்தேகம். பாத்திரங்கள் நாலு: அம்பயர், வீச்சாளர், துடுப்பாட்டக்காரர், ஸ்கோர் எழுதுபவர். ஒவ்வொருவருக்கும் துண்டுக் காகிதத்தில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். ஸ்கோர் எழுதுபவருக்கு: முந்தின ஓவரில் ஒரு ஓட்டம் விட்டுப்போச்சு. அம்பயருக்கு: வெயில் கண்ணில் பட்டது. பேசினால்தான் உண்மை வெளியே வரும். வெண்கட்டி சொன்ன அதே விதி. பலகையில் ஆறு தொடர் மட்டும்: ‘ஆர் யு ஷுவர்?’, ‘ஐ டோன்ட் திங்க் ஸோ’, ‘லெட் மீ செக்’, ‘எக்ஸ்கியூஸ் மீ, சேர்’, ‘டிட் யு ஸீ இட்?’, ‘ஐ ஆம் ஸொரி, ஐ வொஸ் ரோங்’.

எழுதிய நாடகம் என்றால் முழுப் பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். தன் வசனமும், அதற்கு முந்தின வசனத்தின் கடைசி மூன்று சொல்லும் மட்டும். மற்றவர் பேசுவதைக் கேட்காவிட்டால் தன் முறை எப்போது என்றே தெரியாது. ஒரு எச்சரிக்கை: ஒரே கடைசிச் சொற்கள் ரெண்டு இடத்தில் வரக்கூடாது. ‘த மேட்ச் டுடே’ என்று ரெண்டு வசனம் முடிந்தால் ரெண்டு பேர் ஒன்றாகப் பாய்வார்கள். ஒருவருக்கு எட்டு வசனம், வசனத்துக்கு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

காதலர் சோடி வேஷம் பதினான்கு வயதுக்குக் கொடுக்காதீர்கள். கேலி ஒரு தவணை முழுக்கத் தொடரும்.

டிக்கோயா_மழை எழுதியது:

ஓடி எழுதும் விளையாட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. கிரிக்கெட் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனைப் பற்றி நாலு வாக்கியம் எழுதி மண்டபத்தின் நாலு மூலையிலும் ஒட்டுங்கள். தரவு: 1972 ஏப்ரல் 17, கண்டியில் பிறப்பு, 133 டெஸ்ட், 800 விக்கெட், 2010 ஜூலையில் காலியில் கடைசி டெஸ்ட், டெஸ்டில் அவர் போட்ட கடைசிப் பந்தில்தான் 800ஆவது விக்கெட். ‘வொஸ் போர்ன்’, ‘பிளேய்ட்’, ‘டுக்’ மூன்றும் இதிலேயே வந்துவிடும். நம் மலையகத்தோடு வேர் உள்ள ஒருவர் என்பதால் பிள்ளைகள் எண்களை மறக்கமாட்டார்கள்.

நாலு பேர் ஒரு குழு. ஒருவர் ஓடிப்போய் வாசித்து, வந்து சொல்வார், ஒருவர் எழுதுவார், மற்ற இருவர் எழுத்துப் பார்ப்பார்கள். ஒரு வாக்கியம் முடிந்ததும் ஓடுபவர் மாறவேண்டும். கெடுவது எங்கே என்றால், சுவரருகே நின்றே கத்துவார்கள். தரையில் வெண்கட்டிக் கோடு. அதைத் தாண்டி வந்த பிறகுதான் வாய் திறக்கலாம். சுவருக்கும் கோட்டுக்கும் 6 மீட்டர் போதும். கூடினால் வாக்கியம் வழியிலேயே மறந்துபோகும். சீமெந்துத் தரை ஈரமாக இருந்தால் ஓட வேண்டாம், வேகநடைதான். புள்ளி நேரத்துக்கு இல்லை, சரியான சொல்லுக்கு. நேரத்துக்குப் புள்ளி வைத்தால் எழுத்துப்பிழை மலையாகக் குவியும்.

மூன்றாம்_நம்பர்_மலை எழுதியது:

எழுதுறதுக்கு இன்னொன்னு. கிளித்தட்டு (கோட்டுல நின்னு மறிக்கிறவங்களத் தாண்டி ஓடுற ஆட்டம்) விதியை ஒரு குழு இங்கிலீசுல எழுதணும், பத்து வரி. இன்னொரு குழு அந்தத் தாளை மட்டும் பாத்து, எழுதினபடியே விளையாடணும். எழுதாததைச் செய்யக் கூடாது. ‘மறிக்கிறவர் கோட்டை விட்டு நகரக் கூடாது’ன்னு எழுத மறந்தாங்கன்னா, அவங்க எங்கயும் ஓடுவாங்க, ஆட்டமே கலைஞ்சிரும். எழுதினவங்க தாளை வாங்கி ‘மஸ்ட் நொட் லீவ் த லைன்’னு சேப்பாங்க. தன் எழுத்து எங்க ஓட்டையா இருக்குன்னு டீச்சர் சொல்லித் தெரியுறத விட, ஆட்டம் கலைஞ்சு தெரியுறது ஆழமா இறங்கும்.

தோட்டத்துச் சொல்லையும் விடாதீங்க. ஓவர் கிலோ (கணக்குக்கு மேல பறிச்ச கொழுந்து), ஓவர் டைம், கிரிக்கெட் ஓவர்: மூணுலயும் அதே ‘ஓவர்’. முதல் ரெண்டுல ‘அளவுக்கு மேல’ங்கிற பொருள், கிரிக்கெட்டுல வேற பொருள். கொழுந்து பறிக்கிற மலைக்கும் ‘பீல்ட் நம்பர்’, விளையாடுற இடத்துக்கும் ‘ஃபீல்ட்’. அம்மா, அப்பா பேசுற பேச்சுலயே இங்கிலீசு இருக்குன்னு புள்ளைங்களுக்குக் காட்டணும். அவங்க வீட்டுப் பேச்சு மட்டமில்லன்னு தெரியட்டும்.

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்தக் கிழமைக்கு இப்படி: முதல் 5 நிமிஷம் வரவும் பின்பாட்டும். அடுத்த 15 நிமிஷம் ‘சொன்னால்தான் அசைவு’, நாலு வினை. 10 நிமிஷம் ‘டிட்’ அட்டை. கடைசி 10 நிமிஷம் கொப்பியில் எழுதுவது: வலைப்பந்துப் போட்டிக்கு ஒரு அறிவித்தல். சாதாரண தரப் பரீட்சையில் அறிவித்தல் எழுதணும் என்பதால் பெற்றோர் கேட்டாலும் கொப்பியில் காட்ட ஏதாவது இருக்கும். சரியா?

வெண்கட்டி எழுதியது:

அறிவித்தலை 10 நிமிஷத்துக்குள் முடிக்கணும் என்றால் நாள், நேரம், இடம், யார் வரணும் என்ற நாலு கேள்வியையும் முதலே போர்டில் எழுதிவிடுங்க, டீச்சர்.

32 பேரை மூன்று மூன்றாகப் பிரித்தால் பத்துக் குழு, ரெண்டு பேர் மீதி. அந்த ரெண்டு பேரும் அம்பயர். ஆளுக்கு ஐந்து குழு, சைகை ஷோர்ட் ரன் மட்டும். நோ போலும் வைட்டும் அடுத்த கிழமை.

அட்டையில் எழுத்து 8 சென்றிமீட்டராவது உயரம் இருக்கட்டும், நீலம் அல்லது கறுப்பு பிளாட்டிக்னம் பேனையில். மஞ்சளும் பச்சையும் மண்டபத்தின் பின்வரிசைக்குத் தெரியாது, மூடுபனி இறங்கும் பின்நேரத்தில் முன்வரிசைக்கும் தெரியாது.